கண்ணு எப்போ தூங்கும்?

வேன் நெய்யாற்றின்கரையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்திருக்கும். ஈரோட்டிலிருந்து குடும்பத்தோடு சுற்றுலா வந்திருந்த ஓர் அம்மாள், "ஐயோ, டிரைவர் தூங்கறாருங்க!" என்று வண்டி அதிர அலறினாள். அலறியதோடு விடவில்லை. முன் சீட்டுக்கு மேலாகக் கையை நீட்டி ஆறுமுகநயினாரின் தோளைப் பிடித்து உலுக்கினாள். அந்த உலுக்கலில்தான் வண்டி ஒரு முழம் விலகி, எதிரே வந்த மீன் லாரிக்காரனிடம் நல்ல மலையாளத்தில் வசவு வாங்கிக்கொண்டது. மற்றபடி நயினார் முழு விழிப்போடுதான் இருந்தார். அந்த லாரிக்கு எவ்வளவு இடம் விடலாம் என்று அப்போதுதான் யோசித்துக்கொண்டிருந்தார்.

"நான் முழிச்சிட்டுத்தாம்மா இருக்கேன்" என்றார்.

"கண்ணு மூடியிருக்குதுங்களே! கண்ணாடியில பாத்துட்டேதானுங்க வர்றேன்!"

அந்த அம்மாளையும் குற்றம் சொல்ல முடியாது. நயினாரின் கண்ணுக்கு மேலிருந்த தோல் ஐந்தாறு வருடமாக மெல்ல மெல்லக் கீழே இறங்கி, இப்போது இமை மயிரின் மேலேயே வந்து உட்கார்ந்திருந்தது. அதற்கடியில் கீற்றாகக் கொஞ்சம் கருவிழி தெரியும். அதுவும் நேரே நின்று, நல்ல மனசோடு பார்க்கிறவர்களுக்குத்தான் தெரியும். மூத்த மகள் கல்யாண ஆல்பத்தில் அவர் பதினெட்டுப் படங்களில் இருக்கிறார். பதினெட்டிலும் பெண்ணைப் பெற்றவர் தூங்கிக்கொண்டிருக்கிறார். தாரை வார்க்கிற படத்தைப் பார்த்துவிட்டுச் சம்பந்தி வீட்டார், "மாமாவுக்கு அவ்வளவு களைப்பு" என்று பெருந்தன்மையாகச் சொன்னார்கள். அந்தப் பெருந்தன்மைதான் நயினாருக்குப் பொறுக்கவில்லை.

இருபத்தாறு வருடம் திருவனந்தபுரத்தில் வண்டி ஓட்டியவர். ஓர் ஆட்டுக்குட்டியைக்கூட இடித்தது கிடையாது. அப்படிப்பட்டவரைப் பார்த்துத் தூங்குகிறான் என்றால், அதைவிட ஒரு கெட்ட வார்த்தை டிரைவருக்கு இல்லை.

வேன் குற்றாலலிங்கத்துடையது. பழவங்காடியில் பிள்ளையார் கோவிலுக்கு இரண்டு கடை தள்ளி அவருடைய டிராவல்ஸ். தென்காசிப் பக்கத்து ஆள், நயினாருக்கு ஊர்க்காரர். ஈரோட்டுக் குடும்பம் இறங்கி நேராக அவரிடம்தான் போய்ப் பொரிந்து தள்ளிவிட்டுப் போனது. இந்த வருடத்தில் அது மூன்றாவது புகார்.

"வே, நீரு தூங்குதீருன்னு நான் சொல்லல" என்றார் குற்றாலலிங்கம். "ஆனா நான் நம்பி என்ன செய்ய? வண்டியில ஏறுதவன் நம்பணும்லா. கார்த்திகை ஒண்ணாந்தேதி சீசன் தொடங்குது. சாமிமாரு வண்டி வண்டியா வருவாவ. அதுக்கு முந்தி, இந்த ஆளு வண்டி ஓட்டலாம்னு ஒரு கண் டாக்டரு எழுதித் தரணும். இல்லன்னா சாவிய வேற ஆளுக்குக் குடுத்துருவேன். வருத்தப்படப்பிடாது."

"அண்ணாச்சி, என் கண்ணுல ஒரு கோளாறும் இல்ல. தோலுதான் தொங்குது."

"அதத்தான் வே டாக்டரு எழுதணும்."

ஓணம் முடிந்த வாரம் அது. வருடம் தொண்ணூற்றொன்பது. கார்த்திகைக்கு இரண்டரை மாதம் இருந்தது. நயினாருக்கு ஐம்பத்தைந்து வயது. ஸ்டியரிங்கை விட்டால் அந்தக் கைக்கு வேறு வேலை தெரியாது. மறுநாளே கண் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டார்.

அங்கே இமைக்கென்றே தனி டாக்டர் ஒருவர் இருந்தது நயினாருக்கு முதல் ஆச்சரியம். கண்ணுக்கு டாக்டர் இருக்கலாம், கண்ணின் கதவுக்குமா ஒருவர்? ஸ்ரீகண்டன் என்று பெயர். நாற்பது வயதிருக்கும், சிரித்த முகம். நயினாரின் பெயரைச் சீட்டில் பார்த்ததும், "தமிழா? நான் தமிழ் பேசும்" என்றார் சந்தோஷமாக.

இங்கேதான் வந்தது வினை. மலையாளத்தின் வாலை ஒட்ட நறுக்கினால் தமிழாகிவிடும் என்று நம்புகிற ஆட்கள் திருவனந்தபுரத்தில் நிறைய உண்டு. எல்லாவற்றுக்கும் பின்னால் ஓர் 'ஆணு' போட்டால் மலையாளமாகிவிடும் என்று நம்புகிற தமிழர்களும் அதே அளவுக்கு உண்டு, அதனால் கணக்கு சரி. டாக்டர் முதல் வகை. நோயாளி மனம் குளிரட்டும் என்று மரியாதைக்காகத் தமிழில் ஆரம்பித்தார். மலையாளத்திலேயே பேசியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

டார்ச் அடித்து இரண்டு கண்ணையும் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு கேட்டார்: "கண்ணு எப்போ தூங்கும்?"

நயினாருக்குச் சுருக்கென்றது. இங்கேயும் அதே பேச்சா என்று கோபம்கூட வந்தது. ஆனால் வக்கீலிடமும் டாக்டரிடமும் உள்ளதைச் சொல்ல வேண்டும் என்பார்கள்.

"ராத்திரி பத்து மணிக்கு, டாக்டர்."

"கரெக்டா பத்து மணி?" டாக்டர் நிமிர்ந்தார்.

"முன்னப்பின்ன ஆகும். ஆனா பத்துக்கு மேல தாங்காது."

"காலையில?"

"அஞ்சு மணிக்கெல்லாம் தெளிஞ்சுரும். அலாரமே வேண்டாம்."

"பகல்ல தூங்குமா?"

"இல்லவே இல்ல!" என்றார் நயினார் வேகமாக. பிறகு மனச்சாட்சி உறுத்தியது. "மத்தியானம் சாப்பிட்ட பொறவு லேசா ஒரு அசத்தல் வரும். வண்டிய மரத்தடியில போட்டுட்டுக் கால் மணி நேரம் சாஞ்சா சரியாயிரும்."

"ஓ, ரெஸ்ட் எடுத்தா சரியாகும்." டாக்டர் அதை எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டார். "ரெண்டும் ஒண்ணாத் தூங்குமா, தனித்தனியா?"

நயினார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ரெண்டு கண்ணும் சேந்துதான டாக்டர் தூங்கும்? ஒண்ணு மட்டும் எப்படித் தூங்கும்?"

"ஏன் தூங்காது? நெறைய பேருக்கு ஒண்ணு மட்டும் தூங்கும். சில குழந்தை பிறக்கும்போதே ஒரு கண்ணு தூங்கித்தான் பிறக்கும்."

பக்கத்தில் நின்ற நர்ஸ் ஓமனாவும் ஆமாம் என்று தலையாட்டினாள். நயினாருக்கு வந்த காரியம்கூடக் கொஞ்ச நேரம் மறந்துபோனது. ஒரு கண் தூங்க, மறு கண் விழித்துக்கொண்டு பால் குடிக்கிற குழந்தையை நினைத்துப் பார்த்தார். படித்தவர்களுக்குத்தான் உலகத்தில் என்னவெல்லாம் தெரிகிறது!

டாக்டரின் முகத்தில் சிரிப்பு போயிருந்தது. தோல் தொங்குவது மட்டும் காரணமாகத் தெரியவில்லை, தசையிலேயே ஒரு நோய் இருக்குமோ என்று சந்தேகப்படுவதாகச் சொன்னார். இந்த நோயில் காலையில் கண் நன்றாக இருக்கும், பொழுது போகப்போகத் தளரும், ஓய்வு கொடுத்தால் தெளியும். "நீங்க சொன்னது அப்படியே புஸ்தகத்துல இருக்கு" என்றார். சிலருக்கு அது தொண்டைக்கும் மூச்சுக்கும்கூடப் பரவலாம். அதனால் இப்போது கத்தி வைக்கக் கூடாது. முதலில் நரம்பு டாக்டர் பார்க்க வேண்டும். அவருடைய நாள் மூன்று வாரம் கழித்துத்தான் கிடைக்கும்.

"அதுவரைக்கும்?"

"அதுவரை வண்டி ஓட்ட வேண்டா" என்றார் டாக்டர். அதையே சீட்டிலும் எழுதினார்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. ஓட்டலாம் என்று எழுதி வாங்கப் போனவர், ஓட்டக்கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டு வந்தார். குற்றாலலிங்கம் அந்தச் சீட்டை இரண்டு முறை படித்துவிட்டு, சாவிக்காகக் கையை நீட்டினார். நயினார் கொடுத்தார். கொடுத்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

வீட்டில் மாடம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னார். சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் அவர்களுடைய வாடகை வீடு. அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்டாள்.

"ராத்திரி பத்து மணிக்குத் தூங்கிக் காலையில அஞ்சு மணிக்கு முழிக்கது ஒரு வியாதியா?"

"புஸ்தகத்துல இருக்காம்."

"அப்படின்னா எனக்கும் அந்த வியாதிதான். ஊருல எல்லாத்துக்கும் அதான். உங்க டாக்டரு எப்பத்தான் தூங்குதாராம்?"

அதை நயினார் டாக்டரிடம் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றியது.

"சில பேருக்கு ஒரு கண்ணு மட்டும் தூங்குமாம்" என்றார்.

மாடம்மாள் கீரையைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். இந்த மனுஷனுக்குக் கண்ணில்தான் நோயா, இல்லை அதற்கும் மேலேயா என்பது போல இருந்தது அந்தப் பார்வை.

வேலையில்லாதவனுக்கு ஊரிலுள்ள எல்லாம் கண்ணில் படும். நயினாருக்கு இமைகளாகப் பட்டன. பழவங்காடி முக்கில் நின்றுகொண்டு போகிற வருகிற இமைகளை எல்லாம் பார்த்தார். இதுவரை அவர் மனிதர்களை முகமாகத்தான் பார்த்திருக்கிறார். கண்ணுக்கு மேலே இத்தனை விதம் உண்டு என்று யார் கண்டது? சிலருக்கு ஒரு மடிப்பு, சிலருக்கு இரண்டு. தேங்காய் விற்கிற கிழவருக்கு இடது இமை வலதைவிடத் தாழ்ந்திருந்தது. போக்குவரத்துப் போலீஸ்காரர் தன் இமையைத் தூக்குவதற்காகப் புருவத்தை எப்போதும் உயர்த்தியே வைத்திருந்தார், அதனால்தான் எல்லோரையும் கண்டு திகைத்தவர் போல நின்றார். நயினார் வீட்டுக்குப் போய்க் கண்ணாடி பார்த்தார். தன் நெற்றியிலும் அதே போல நாலு கோடு. சாயங்காலமானால் நெற்றி வலிப்பது இதனால்தானோ? பிளாஸ்திரி வாங்கித் தோலைத் தூக்கி ஒட்டிப் பார்த்தார். உள்ளே வந்த மாடம்மாள் "முருகா!" என்று இரண்டடி பின்வாங்கினாள்.

ஆனால் உள்ளுக்குள் பயம் இருந்தது. சோறு விழுங்கும்போதெல்லாம் தொண்டை சரியாக வேலை செய்கிறதா என்று கவனித்தார். கவனித்தால் எந்தத் தொண்டையும் தடுமாறும்.

மூன்று வாரம் கழித்து, நரம்பு டாக்டரைப் பார்க்கக் கிழக்கேக்கோட்டையில் பஸ் ஏறினார். காலேஜ் பிள்ளைகள் கூட்டம். உள்ளே இடம் இருந்தும் நாலைந்து பேர் படியிலேயே தொற்றிக்கொண்டு வந்தார்கள். கண்டக்டர் எட்டிப் பார்த்துச் சத்தம் போட்டார்:

"எடா, டோரில் தூங்ஙிக் கெடக்கல்லே! அகத்தோட்டு கேறெடா!"

நயினார் அதைக் கேட்டார். கேட்ட வாக்கில் அடுத்த நிறுத்தம்வரை சும்மா இருந்தார். பிறகு, சூடு பட்டது போலச் சீட்டிலிருந்து எழுந்தார்.

தூங்ஙிக் கெடக்கல்லே. தொங்கிக்கொண்டு வராதே.

மலையாளத்தில் தூங்குவது என்றால் தொங்குவது. தூக்கத்துக்கு அங்கே உறக்கம் என்று பெயர். இது அவருக்குத் தெரியாதா? இருபத்தாறு வருடமாகத் தெரியும். கடையில் வாழைக்குலை 'தூங்ஙிக் கெடக்குந்நு' என்று அவரே எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். ஆனால் டாக்டர் தமிழில் அல்லவா கேட்டார்! தமிழில் கேட்டதால் தமிழ்க் காதோடு கேட்டுத் தொலைத்தார். அதுவும் ஊரெல்லாம் 'தூங்குறான் தூங்குறான்' என்று பழிபோட்டு அந்த ஒரு சொல்லில் காது புண்ணாகிக் கிடந்த நேரம்.

டாக்டர் கேட்டது, உன் இமை எப்போது தொங்குகிறது என்று. அவர் சொன்ன பதில், ராத்திரி பத்து மணிக்கு.

நயினார் சிரித்தார். பக்கத்திலிருந்தவர் நகர்ந்து உட்கார்கிற அளவுக்குச் சிரித்தார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, ரோட்டைக் கடந்து, எதிர்ப்பக்கம் போகிற பஸ்ஸில் ஏறிக் கண் ஆஸ்பத்திரிக்கே போனார்.

"டாக்டரே, இனி மலையாளம் மதி. தமிழ் வேண்டா" என்று, மலையாளமே போதும் என்பதை மலையாளத்தில்தான் சொல்லி ஆரம்பித்தார். விஷயத்தைச் சொன்னார். ஸ்ரீகண்டன் முதலில் புரியாமல் விழித்தார், பிறகு தான் எழுதிய பழைய சீட்டை எடுத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். 'ஒன்று மட்டும் எப்படித் தூங்கும்' என்று நயினார் கேட்டது நினைவுக்கு வந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். ஓமனா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"தெற்று என்றேதா, நயினாரே" என்றார் டாக்டர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. தப்பு என்னுடையதுதான் என்று அவர் சொன்னது நயினாருக்குப் பிடித்திருந்தது. ஊரில் அப்படிச் சொல்கிற ஆள் குறைவு.

ஆனால் சிரித்ததோடு டாக்டர் விட்டுவிடவில்லை. பேச்சை நம்பி ஒருமுறை ஏமாந்தவர், இந்த முறை கண்ணையே கேட்டார். இரண்டு நிமிஷம் கூரையைப் பார்த்துக்கொண்டே இருக்கச் சொன்னார். தசை நோயாக இருந்தால் அதற்குள் இமை தளர்ந்து இறங்கும். இறங்கவில்லை. ரப்பர் கையுறைக்குள் ஐஸ் கட்டி போட்டு மூடின இமையின் மேல் வைத்தார். நோய் இருந்தால் குளிரில் இமை கொஞ்சம் உயரும். உயரவில்லை. நயினாருக்கு அது வெறும் குளிர்ச்சியாக, சுகமாக இருந்தது. பிறகு புருவத்தைக் கட்டை விரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, கீழே பார், மேலே பார் என்று சொல்லி, சின்ன ஸ்கேலால் இமை எவ்வளவு ஏறுகிறது என்று அளந்தார். நன்றாகவே ஏறியது.

"தசைக்கு ஒன்றுமில்லை" என்றார். அந்த ஒரு வார்த்தையில் நயினாருக்குத் தொண்டை தானாகச் சரியாகிவிட்டது.

அடுத்து, பெரிய கிண்ணம் போன்ற ஒரு கருவிக்குள் முகத்தை வைத்து உட்கார வைத்தார்கள். நேரே பார்த்துக்கொண்டே, அங்கங்கே வெளிச்சப் பொட்டு மின்னும்போது பொத்தானை அமுக்க வேண்டும். ஒருமுறை சும்மா, ஒருமுறை தோலைப் பிளாஸ்திரியால் தூக்கி ஒட்டி. முடிந்ததும் இரண்டு காகிதம் வந்தது. ஒட்டிப் பார்த்த காகிதம் வெளுப்பாக இருந்தது. சும்மா பார்த்ததில் மேல் பாதி கன்னங்கரேல்.

"இது?"

"நீங்கள் பார்க்காத இடம்."

நயினார் அந்தக் கறுப்பை விரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு ஒரு டிரைவராகப் பதில் சொன்னார்: ரோடு கீழேதானே டாக்டர் இருக்கிறது, மேலே வெறும் ஆகாசம்தானே, அதைப் பார்த்து யாருக்கு என்ன ஆகப்போகிறது? டாக்டர் அந்தக் காகிதத்தை வாங்கிச் சீட்டோடு சேர்த்து வைத்தார்.

"அப்படின்னா என் கண்ணுல தப்பு எங்கதான் இருக்கு?" என்று நயினார் கேட்டார். கேட்டுவிட்டு, மூன்று வாரமாக யோசித்து வைத்திருந்ததைத் தானே சொல்லத் தொடங்கினார். "சாலையில கடை வாசல்ல தார்ப்பாய் கட்டியிருப்பாங்க, டாக்டர். அது வந்து தலையில இடிக்குன்னா மூணு காரணம் உண்டு. பாய் நீளமாயிருக்கும். இல்ல, இழுத்துக் கட்டுன கயிறு தளந்திருக்கும். அதுவுமில்லன்னா நட்ட கம்பே கீழ எறங்கியிருக்கும். எனக்கு இதுல எது?"

ஸ்ரீகண்டன் பேனாவை வைத்துவிட்டார். இத்தனை வருடமாக மாணவர்களுக்குப் படம் போட்டு விளக்குகிறேன், இது தோன்றவில்லையே என்றார். பிறகு அந்தத் தார்ப்பாயையே சீட்டில் வரைந்து, மூன்றையும் சொன்னார். கயிறு என்பது இமையைத் தூக்குகிற தசை. அது தளர்ந்திருந்தால் உள்ளே போய் அதைக் குறுக்கித் தைக்க வேண்டும். கயிறு அடியோடு உதவாது என்றால், தொடையிலிருந்து ஒரு நாடாவை எடுத்து இமையை நெற்றித் தசையோடு கட்டுவார்கள். ஒரு கண் மட்டும் தொங்கப் பிறக்கிற குழந்தைகளில் சிலருக்கு அதுதான் வழி.

"தொடையிலருந்து கண்ணுக்கா!"

"ஆமாம். பிறகு அந்தக் குழந்தை நெற்றியைச் சுருக்கித்தான் கண்ணைத் திறக்கும்."

கம்பு என்பது புருவம். அது இறங்கியிருந்தால் புருவத்துக்கு மேலே கீறித் தூக்கித் தைக்கலாம், ஆனால் தழும்பு வெளியே தெரியும். பாய் என்பது தோல். அது நீளமாகிவிட்டால் மடிப்பு விழுகிற கோட்டிலேயே வெட்டி, உபரியை எடுத்துவிட்டுத் தைத்துவிடலாம். தழும்பு மடிப்புக்குள் மறைந்துவிடும். நயினாருக்குக் கயிறு நன்றாக இருக்கிறது. கம்பு ஒரு நூல் இறங்கியிருக்கிறது. பாய்தான் முக்கியக் குற்றவாளி. தோலை மட்டும் எடுத்தால் போதும். அதன் பிறகு நெற்றிக்கு வேலை குறைந்து புருவம் இன்னும் கொஞ்சம் இறங்கவும் கூடும், அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

"எடுக்குறதுதான் எடுக்கீங்க, இன்னும் கொஞ்சம் சேத்தே எடுத்துருங்க. திரும்பத் திரும்ப வரவேண்டாம் பாருங்க."

டாக்டர் மெல்லிய இடுக்கியால் அவருடைய தோலை மடித்துப் பிடித்துக் காட்டினார். இவ்வளவுதான் எடுக்கலாம், இதற்குமேல் ஒரு நூல் போனாலும் கண் முழுக்க மூடாது, காய்ந்து புண்ணாகும். வெட்டினதைத் திரும்ப ஒட்டவும் முடியாது. அப்புறம், "நயினாரே" என்று கொஞ்சம் நிறுத்தி, "உறக்கத்தில்" என்று ஒவ்வோர் எழுத்தாக அழுத்திச் சொன்னார், "உறக்கத்தில் கண் மூட வேண்டாமா?"

"வயசு கொறஞ்சு தெரியுமா?"

"ரோடு தெரியும். பெண் பார்க்கப் போவதென்றால் வேறு டாக்டரிடம் போங்கள்."

அறுவை அக்டோபர் முதல் வாரம் நடந்தது. இமையில் ஊசி போட்டு மரக்க வைத்தார்கள். வலி இல்லை, ஆனால் கத்தரி தோலை வெட்டுகிற சத்தம் மட்டும் காதுக்குப் பக்கத்தில் கேட்டது. நடுவில், அளவு சரியா என்று பார்க்கக் கண்ணைத் திறந்து மூடச் சொன்னார்கள். அந்த நேரத்தில் ஓமனா, "நயினாரே, உறங்கிப் போகல்லே" என்றாள். அறையில் எல்லோரும் சிரித்தார்கள். டாக்டர், கை ஆடுகிறது என்று எல்லோரையும் அதட்டினார்.

ஆறாம் நாள் தையலைப் பிரித்தார்கள். கண்ணைச் சுற்றி நாவல்பழ நிறத்தில் கன்றிப்போயிருந்தது. அது வடிய இரண்டு வாரமானது. வடிந்த பிறகு மாடம்மாள் அவரை வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்தாள்.

"என்னைப் பாத்து மொறைக்கிற மாதிரி இருக்கு" என்றாள். பிறகு, "இருக்கட்டும். கல்யாணத்தன்னைக்கும் இப்படித்தான் மொறைச்சீங்க" என்று சொல்லிவிட்டு வேகமாக அடுப்படிக்குள் போய்விட்டாள்.

டாக்டர் எழுதித் தந்ததைக் குற்றாலலிங்கம் படித்தார். படித்தும் சந்தேகம் தீரவில்லை. வியாபாரி அல்லவா, தட்டிப் பார்க்காமல் பானை வாங்குவாரா? "சீசனுக்கு முந்தி ஒரு நாள் பொன்முடிக்குப் போவோம். நீரு ஓட்டும். நான் பக்கத்துல இருக்கேன்" என்றார்.

நவம்பர் முதல் வாரத்தில் ஒரு நாள் காலை, மழை விட்டிருந்தது. நெடுமங்காடு தாண்டி, விதுராவில் சாயா குடித்துவிட்டு ஏறினார்கள். நயினார் ஸ்டியரிங்கைத் தொட்டது இரண்டு மாதத்துக்குப் பிறகு அன்றுதான். கல்லாறு கடந்ததும் கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பமாகின்றன, மொத்தம் இருபத்திரண்டு. முதல் மூன்றும் நல்லபடியாகப் போயின. குற்றாலலிங்கம் ரோட்டைப் பார்க்கவே இல்லை. டிரைவரின் கண்ணையேதான் பார்த்துக்கொண்டு வந்தார்.

நாலாவது வளைவுக்கு முன்னால் நயினார் வண்டியை இடதோரம் ஒதுக்கி நிறுத்தினார்.

"ஏம்வே நிறுத்துதீரு?"

"பஸ் வருது அண்ணாச்சி."

"எங்க வருது? ஒண்ணையும் காணோமே."

"மேல."

குற்றாலலிங்கம் குனிந்து கண்ணாடி வழியாக அண்ணாந்து பார்த்தார். தலைக்கு மேலே, மரங்களுக்கு நடுவில், இவர்கள் இனிமேல் ஏறிப் போகவேண்டிய அதே ரோடு கோடு போலத் தெரிந்தது. அதில் ஒரு சர்க்கார் பஸ் சிவப்பாக இறங்கிக்கொண்டிருந்தது. அரை நிமிஷத்தில் அது வளைவில் திரும்பியது. திரும்பியபோது ரோட்டின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் அதுவேதான் இருந்தது. ஒதுங்கி நின்ற வேனை உரசுவது போலக் கடந்து கீழே போனது.

"பலே!" என்றார் குற்றாலலிங்கம். "நல்ல காரியம். போதும்வே, எனக்கு நம்பிக்கை வந்தாச்சு. எடும்."

நயினார் எடுக்கவில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கின் மேலேயே இருந்தன. இந்த வளைவில் எத்தனை பஸ்கள் 'திடீரென்று' அவர் முன்னால் வந்து நின்றிருக்கின்றன! ஒவ்வொரு தரமும் பிரேக்கை மிதித்து, பள்ளத்தின் விளிம்பில் இரண்டு சக்கரத்தை இறக்கி, ஹாரன் அடிக்காமல் வருகிறான் பார் என்று அந்த டிரைவர்களின் தாயையும் தகப்பனையும் இழுத்து வைத்துத் திட்டியிருக்கிறார். தப்பி வந்ததைத் தன் கைத்திறமை என்று மாடம்மாளிடம் பெருமையாகச் சொன்னதும் உண்டு. அப்போதெல்லாம் பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். மடியில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இருந்தார்கள்.

"என்னவே, தலை சுத்துதா?"

"இல்ல அண்ணாச்சி." சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை என்பது அவருக்குத் தெரிந்தது. சொன்னால் சாவி போனாலும் போகலாம். "நான் வண்டியில ஒரு நாளும் தூங்குனதில்ல. அது சத்தியம்."

"அதான் தெரிஞ்சுபோச்சே."

"ஆனா இங்க மேல ஒரு ரோடு இருக்குங்கத அஞ்சு வருசமா நான் பாத்ததே இல்ல." நயினார் கண்ணாடி வழியாக மேலே கையைக் காட்டினார். "பயந்தவங்க எல்லாரும் சரியாத்தான் பயந்திருக்காவ, அண்ணாச்சி. எனக்குத்தான் தெரியல."

குற்றாலலிங்கம் சாவியைப் பார்த்தார். போன வருடம் சித்திரையில் தன் பேரப்பிள்ளைகள் நாலு பேரையும் இதே வேனில், இதே நயினாரோடு பொன்முடிக்கு அனுப்பியது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். அவர் மறுபடியும் குனிந்து மேலே பார்த்தார். ரோடு காலியாக இருந்தது. அப்படியும் அவர் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடும்" என்றார் கடைசியில், மெதுவாக. "நானும் பாத்துக்கிடுதேன்."